கையால் பேசுவோர்

மக்களுக்கு வாய்த்த செல்வங்களுள் தலையாயது மொழி. மொழி என்றவுடன் நம் உள்ளத்தில் முதலில் தோன்றுவது ஒலியே. தாய் தாலாட்டுகிறாள்; குழந்தை மழலை பேசுகிறது; ஆசிரியர் பாடம் சொல்கிறார்; மாணவர் செவி சாய்க்கின்றனர். தொல்காப்பியனார் எழுத்துகளின் தோற்றத்தைக் கூறப் பிறப்பியல் என்று ஓர் இயலே வகுத்தார். நாவும் பல்லும் இதழும் எவ்வாறு ஒலியைத் தோற்றுவிக்கின்றன என்று அங்கே நுணுகி ஆராய்ந்தார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்றபோதும், மொழி கற்றலின் முதற்படி கேட்டல், இரண்டாம் படி பேசுதல், அவற்றுக்குப் பின்னரே படித்தலும் எழுதுதலும் என்று எங்களுக்குக் கற்பித்தனர். இவையெல்லாம் உண்மையே, ஆயினும் முழு உண்மை ஆகா. ஒலி சிறிதும் இன்றிப் பிறந்து வளர்ந்து, கதையும் கணக்கும் நகைச்சுவையும் வழக்காடலும் தம்மகத்தே கொண்ட மொழிகளும் இவ்வுலகில் உள்ளன. செவி கேளாத மக்கள் கையாலும் முகத்தாலும் பேசிக் கண்ணால் கேட்கும் சைகை மொழிகளே அவை. அவற்றைப் பற்றியும், அவற்றைப் பேசுவோரிடம் நாம் பழக வேண்டிய முறையைப் பற்றியும் இன்று சில கூற விரும்புகிறேன்.

எவரைப் பற்றிப் பேசுகிறேனோ அவர் கேட்க இயலாத வானொலியில் இதனைப் பேசுகிறேன் என்பதை நான் மறக்கவில்லை. அதனால் குறையொன்றும் இல்லை. சைகை மொழி பற்றிச் செவி கேளாதோர்க்கு நான் கற்பிக்கத்தக்கது யாதும் இல்லை. கேட்கும் செவியுடைய நமக்கே இது குறித்துக் கற்க வேண்டுவன பல உள. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நம் நாட்டில் கேட்கும் திறனில் குறையுடையோர் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று காட்டுகிறது. நம் தெருவிலும், நாம் செல்லும் பேருந்திலும், வங்கியிலும், மருத்துவமனையிலும் அவர்கள் இருக்கின்றனர். நம்மில் எத்தனை பேர் அவர்களோடு ஐந்து நிமிடம் அளவளாவியிருப்போம்?

சைகை மொழியைப் பற்றி நம்மிடையே மூன்று தவறான கருத்துகள் உலவுகின்றன. அவற்றை முதலில் நீக்கிக்கொள்வோம்.

முதலாவது, அது மொழியே அன்று, வெறும் கையசைப்பே என்பது. பசிக்கிறது என்பதற்கு வயிற்றைத் தொட்டுக் காட்டுவதும், வா என்பதற்குக் கையை ஆட்டுவதும் நாம் எல்லோரும் செய்வனவே. சைகை மொழி அத்தகையது அன்று. நேற்று நடந்ததையும் நாளை நடக்கக்கூடியதையும், நீதியையும் ஐயத்தையும், இல்லாத ஒன்றையும் அதில் பேசலாம். இரண்டாவது, உலகமெங்கும் சைகை மொழி ஒன்றே என்பது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் செவியுடையோர் பேசுவது ஆங்கிலமே. ஆயினும் அவ்விரு நாடுகளிலும் செவி கேளாதோர் பேசும் சைகை மொழிகள் வேறு வேறு. ஒருவர் பேசுவது மற்றவர்க்கு விளங்காது. எழுத்துகளைக் காட்டும் முறையிலும் அமெரிக்கர் ஒரு கையையும் ஆங்கிலேயர் இரு கைகளையும் பயன்படுத்துவர். உலகில் 300க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் உள்ளன என்று ஐக்கிய நாடுகள் அவை குறிப்பிடுகிறது. மூன்றாவது, நாம் பேசும் மொழியையே சொல்லுக்குச் சொல் கையால் எழுதிக் காட்டுவது அது என்பது. இதுவும் பிழையே. சைகை மொழிக்குத் தனக்கெனச் சொல்லும் இலக்கணமும் உண்டு.

அவ்விலக்கணத்தைச் சிறிது காண்போம். தமிழில் கடல், உடல், மடல் என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்து மாறியவுடன் பொருள் முற்றிலும் மாறிவிடுகிறது. சைகை மொழியிலும் இவ்வாறே. அமெரிக்கச் சைகை மொழியில் ஐந்து விரல்களையும் விரித்துக் கட்டைவிரலால் நெற்றியைத் தொட்டால் தந்தை என்று பொருள். அதே கையால் மோவாயைத் தொட்டால் தாய் என்று பொருள். கையின் வடிவம் ஒன்றே. இடம் மாறியது, சொல் மாறிற்று. இவ்வாறு கையின் வடிவம், அது நிற்கும் இடம், அது அசையும் முறை ஆகிய சிறு கூறுகள் சேர்ந்தே சொற்கள் அமைகின்றன என்பதை 1960இல் வில்லியம் ஸ்டோக்கி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் ஆராய்ந்து வெளியிட்டார். 1965இல், தாமே செவி கேளாதவர்களான டொரொத்தி காஸ்டர்லைன், கார்ல் குரோனபர்க் என்னும் இருவருடன் சேர்ந்து அம்மொழிக்கு ஓர் அகராதியும் வெளியிட்டார். அதுவரை அதனை மொழியென மதியாதிருந்த மொழிநூலாரும் பின்னர் ஒப்புக்கொள்ளலாயினர்.

தமிழில் கொடுத்தேன், கொடுத்தாய், கொடுத்தான் என வினையின் இறுதி கொடுத்தவர் இன்னார் என்று காட்டுகிறது. சைகை மொழிகள் பலவற்றில் இவ்வேலையைக் கை செல்லும் திசை செய்கிறது. கை என்னிடமிருந்து உங்களை நோக்கிச் சென்றால் நான் உங்களுக்குக் கொடுக்கிறேன். உங்களிடமிருந்து என்னை நோக்கி வந்தால் நீங்கள் எனக்குக் கொடுக்கிறீர்கள். கொடுப்பவரையும் பெறுபவரையும் ஓர் அசைவே உணர்த்திவிடுகிறது. முகமும் இலக்கணத்தின் ஒரு பகுதியாகும். ஆம் அல்லது இல்லை என்று விடை வேண்டும் வினாவுக்குப் புருவத்தை உயர்த்துவது பல சைகை மொழிகளில் விதி. நம் இந்தியச் சைகை மொழியில், என்ன, எங்கே போன்ற வினாச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். ஆதலின், கையால் பேசுவோர் முகத்தைச் சுளிக்கிறார், புருவத்தை நெரிக்கிறார் என்று கண்டு, அவர் சினந்துள்ளார் என்று நாம் எண்ணிவிடலாகாது. அவர் ஒரு வினாவைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் திருச்சிராப்பள்ளிச் சந்திப்பில் நான் ஒரு காட்சியைக் கண்டேன். குளிரூட்டிய பெட்டியின் கண்ணாடிச் சாளரத்துக்கு உள்ளே ஓர் இளைஞர். வெளியே நடைமேடையில் அவருடைய நண்பர். இருவரும் கையால் பேசிக்கொண்டிருந்தனர். அருகிலேயே வேறொரு குடும்பத்தார், உள்ளே அமர்ந்த பெரியவரிடம் ஏதோ சொல்ல வேண்டிக் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூவிக்கொண்டிருந்தனர். கண்ணாடி தடித்தது, உள்ளே இருந்தவர்க்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டி நகர்ந்தது. கூவியவர் கூவி அலுத்தனர். நண்பர் இருவரோ, பெட்டி வெகுதொலைவு செல்லும்வரை உரையாடிச் சிரித்தனர். அந்த நடைமேடையில் அப்பொழுது குறையுடையோர் எவர் என்று நான் எண்ணிப் பார்த்தேன்.

இம்மொழிகளை ஆக்கியவர் எவர்? ஓர் ஆசிரியரோ அரசரோ அல்லர். செவி கேளாதோர் பலர் ஓரிடத்தில் கூடி வாழும்போது அவை தாமே தோன்றுகின்றன. நடு அமெரிக்காவில் நிகராகுவா என்னும் நாட்டில் இது நம் காலத்திலேயே நிகழ்ந்தது. அங்கே 1977இல் தலைநகரான மனாகுவாவில் செவி கேளாத சிறுவர்க்கு ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. ஆசிரியர் உதட்டசைவைப் பார்த்துப் பேசக் கற்பிக்க முயன்றனர். அதில் பெரும்பயன் விளையவில்லை. ஆயினும் விளையாட்டு வெளியிலும் பள்ளிப் பேருந்திலும் சிறுவர் தத்தம் வீட்டில் வழங்கிய சைகைகளைக் கலந்து பேசலாயினர். பின்னர் வந்த இளஞ்சிறுவர் அதனை எடுத்து மேலும் செப்பம் செய்தனர். சில ஆண்டுகளில் இலக்கணம் அமைந்த புதுமொழி ஒன்று உருவாகிவிட்டது. 1986 முதல் ஜூடி கெகல் என்னும் மொழிநூலார் அங்குச் சென்று அதனை ஆராய்ந்தார். மொழியொன்று பிறப்பதை அறிஞர் அருகிருந்து காணும் வாய்ப்பு மிக அரிது. அவ்வாய்ப்பினை உலகுக்கு அளித்தவர்கள் செவி கேளாத சிறுவர்களே.

இனி, இம்மொழிகள் பட்ட பாட்டைச் சிறிது கூற வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசு நகரில் லெப்பே என்னும் பாதிரியார் வாழ்ந்தார். செவி கேளாத உடன்பிறந்த நங்கையர் இருவரைச் சந்தித்ததன் பயனாக, 1760ஐ ஒட்டி, ஏழை எளியவர்க்கும் கட்டணமின்றிக் கற்பிக்கும் ஒரு பள்ளியை அவர் தொடங்கினார். செவி கேளாதோர் ஏற்கெனவே தம்முள் பேசிவந்த சைகைகளைத் தாம் முதலில் கற்று, அவற்றின் வழியே எழுத்தறிவைப் புகட்டினார். மாணவனின் மொழியை ஆசிரியன் முதலில் கற்க வேண்டும் என்னும் இக்கொள்கையே கல்வித்துறைக்கு அவர் அளித்த கொடை என்று நான் கருதுகிறேன். 1779இல் பியர் தெலோழ் என்னும் செவி கேளாத நூற்கட்டுத் தொழிலாளர், தம் மக்களின் மொழியை இகழ்ந்தவர்க்கு மறுப்பாக ஒரு நூலே எழுதி வெளியிட்டார்.

பாரிசுப் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியரானவர் லோரன் கிளார்க். இவரும் செவி கேளாதவர். 1816இல் தாமஸ் காலடெட் என்னும் அமெரிக்கர் இவரைத் தம் நாட்டுக்கு அழைத்துச் சென்றார். கப்பற் பயணம் 52 நாள். அந்நாள்களில் கிளார்க் ஆங்கிலம் கற்றார். காலடெட் சைகை மொழி கற்றார். 1817இல் ஹார்ட்போர்டு நகரில் அவர்கள் தொடங்கிய பள்ளி இன்றும் நடைபெறுகிறது. அமெரிக்கச் சைகை மொழி ஆங்கிலேயருடையதை ஒவ்வாமல் பிரெஞ்சுச் சைகை மொழிக்கு உறவாக இருப்பதன் காரணம் இதனால் உங்களுக்கு விளங்கும்.

இவ்வாறு வளர்ந்த கல்விக்கு 1880இல் பேரிடி விழுந்தது. இத்தாலி நாட்டின் மிலான் நகரில் அவ்வாண்டு செப்டம்பர் திங்களில் செவி கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு கூடியது. கூடிய பிரதிநிதிகள் 164 பேர். அவர்களுள் செவி கேளாதவர் ஒருவரே. வாய்ப்பேச்சே உயர்ந்தது, பள்ளிகளில் சைகையை விலக்க வேண்டும் என்று அம்மாநாடு முடிவு செய்தது. அம்முடிவு நாடுதோறும் பரவிற்று. செவி கேளாத ஆசிரியர் பலர் வேலையிழந்தனர். கையை அசைத்த குற்றத்துக்காகச் சிறுவர் அடிக்கப்பட்டனர். அவர்கள் கைகளைக் கட்டிவைத்த பள்ளிகளும் உண்டு. ஒரு சொல்லை உச்சரிக்கக் கற்பிப்பதிலேயே நாள்கள் கழிந்தன. வரலாறும் அறிவியலும் கற்க வேண்டிய காலம் வீணாயிற்று. வகுப்பில் மறுக்கப்பட்ட மொழி விடுதியின் இருட்டறையிலும் மரநிழலிலும் மூத்த மாணவரிடமிருந்து இளையவர்க்குச் சென்று உயிர் பிழைத்தது. 2010இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய அதே வரிசையிலான மாநாடு, மிலான் முடிவுகளைப் புறந்தள்ளி, அவற்றால் விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தது. இடையில் கழிந்தவை 130 ஆண்டுகள்.

கல்லூரி மாணவர் அறிய வேண்டிய வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. வாஷிங்டன் நகரில் செவி கேளாதோர்க்கென 1864இல் ஏற்பட்ட கல்லூரி, காலடெட் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 124 ஆண்டுகளாக அதன் தலைவர் அனைவரும் செவியுடையோரே. 1988 மார்ச்சில் மீண்டும் அவ்வாறே ஒருவரை ஆட்சிக்குழு தேர்ந்தெடுத்தது. மாணவர் வாயில்களை அடைத்து அறப்போர் தொடங்கினர். ஒரு வாரத்தில் அம்முடிவு மாறிற்று. செவி கேளாதவரான கிங் ஜோர்டன் தலைவரானார். தம்மைப் பற்றிய முடிவைத் தாமே எடுக்க வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. மிலானில் 164 பேருள் ஒருவராக அமர்ந்திருந்த நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செவி கேளாமை ஒருவரைத் தனிமைப்படுத்துவது இயற்கையின் விதியோ என்று சிலர் வினவலாம். இதற்கு ஒரு தீவு விடை கூறுகிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்சுக் கரையை அடுத்து மார்த்தாஸ் வின்யார்டு என்னும் தீவு உளது. பதினேழாம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய சில குடும்பங்களில் பிறவியிலேயே செவி கேளாமை மரபாக வந்தது. தீவினர் தம்முள்ளேயே மணஞ்செய்து வாழ்ந்தமையால் அது பெருகிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீவு முழுவதும் ஏறத்தாழ 155 பேருக்கு ஒருவரும், சில்மார்க் என்னும் ஊரில் ஏறத்தாழ 25 பேருக்கு ஒருவரும் செவி கேளாதோராய் இருந்தனர். அவ்வூரார் என் செய்தனர்? செவியுடையோரும் செவி கேளாதோரும் ஆகிய எல்லோரும் சைகை மொழி அறிந்திருந்தனர். சிறுவர் அதனைத் தனியே கற்கவில்லை. தாய்மொழியைக் கற்பது போலவே ஊரோடு பழகிக் கற்றனர். கடைத்திண்ணையில் அது வழங்கிற்று; தேவாலயத்தில் வழங்கிற்று; கடலில் படகுக்குப் படகு செய்தி சொல்லவும் மீனவர்க்கு அது உதவிற்று. செவி கேளாதோர் மணந்து, நிலம் வாங்கி, மீன் பிடித்து, ஊர்ப்பொது வேலைகளில் பங்குகொண்டு பிறரைப் போலவே வாழ்ந்தனர்.

அம்மரபின்படி செவி கேளாதவராய்ப் பிறந்தோருள் கடைசியானவர் 1952இல் மறைந்தார். பின்னர் நோரா குரோஸ் என்னும் ஆராய்ச்சியாளர் அத்தீவின் முதியோரை வினவி, 1985இல் ஒரு நூல் வெளியிட்டார். அம்முதியோர் பழைய அயலாரை நினைவுகூர்ந்தபோது, இவர் நல்ல மீனவர், இவர் நல்ல உழவர் என்று கூறினரேயன்றி, செவி கேளாதவர் என்பது அவர்கட்கு முதலில் நினைவுக்கு வரவில்லை. கேட்கும் ஆற்றல் அங்கும் இல்லைதான். ஆனால் பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. ஒருவரைத் தனிமைப்படுத்துவது அவருடைய செவி அன்று. சுற்றியுள்ளோர் அவர் மொழியை அறியாதிருப்பதே என்னும் பெரிய உண்மையை அச்சிறிய தீவு நமக்குக் காட்டுகிறது.

இவ்வுண்மை குழந்தைகள் திறத்தில் மிகவும் கருதத்தக்கது. அமெரிக்காவில் எடுத்த கணக்குகளின்படி, செவி கேளாத குழந்தைகளுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை செவியுடைய பெற்றோர்க்கே பிறக்கின்றன. பெற்றோர்க்குச் சைகை தெரியாது. குழந்தைக்கு ஒலி எட்டாது. மொழியை எளிதில் பற்றிக்கொள்ளும் முதல் ஐந்தாறு ஆண்டுகள் இவ்வாறு எம்மொழியும் இன்றிக் கழியுமாயின், பின்னர் அவ்விழப்பை முழுதும் ஈடுசெய்தல் அரிது. மாறாக, சைகை பேசும் பெற்றோர்க்குப் பிறந்த செவி கேளாத குழந்தைகள், நம் குழந்தைகள் வாயால் மழலை பேசும் பருவத்திலேயே கையால் மழலை பேசுகின்றன என்று 1991இல் ஆராய்ச்சியாளர் கண்டு வெளியிட்டனர். மொழிக்கு உரியதாக நாம் கருதும் மூளையின் இடப்பாகம் தாக்குண்டால் சைகை பேசுவோர்க்கும் மொழி குலைகிறது. மூளைக்கு வேண்டுவது மொழி. அது செவி வழியே வந்தாலும் கண் வழியே வந்தாலும் அது ஏற்றுக்கொள்கிறது.

செவிக்கருவியும், உட்செவியில் பொருத்தும் மின்கருவியும் இந்நாளில் பலருக்கு உதவுகின்றன. அவற்றை நாடுவது தவறு என்று நான் கூறவில்லை. கருவி எல்லோர்க்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. அது பயன் தரும்வரை குழந்தையின் உள்ளம் காத்திருப்பதும் இல்லை. சைகை கற்றால் குழந்தை பேசாமற் போய்விடும் என்று அஞ்சி அதனை மறைப்பது, சோறு வரட்டும் என்று பாலையும் மறுப்பது போன்றதாகும்.

நம் நாட்டில் இக்கல்வி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிற்று. பம்பாயிலும் கல்கத்தாவிலும் பள்ளிகள் தோன்றின. நம் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி அக்காலத்ததே. விடுதியோடு கூடிய இத்தகைய பள்ளிகளே சைகை மொழி வாழும் ஊர்களாயின. 1970களின் பிற்பகுதியில், செவி கேளாதவரான மதன் வசிஷ்டா என்னும் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் பல இந்திய நகரங்களின் சைகைகளைத் தொகுத்து ஆராய்ந்து, இந்தியச் சைகை மொழி தனிமொழி என்று காட்டினர். 2015இல் இம்மொழிக்கென டெல்லியில் ஓர் ஆராய்ச்சி, பயிற்சி நிலையத்தை நடுவண் அரசு நிறுவியது. அந்நிலையம் 2018இல் 3,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. 2021இல் அது 10,000 சொற்களாக விரிந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அசையும் படம் உண்டு. இணையத்தில் எவரும் கட்டணமின்றிக் காணலாம். செப்டம்பர் 23ஆம் நாளைச் சைகை மொழிகளுக்குரிய நாளாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்துள்ளது. உலகச் செவி கேளாதோர் கூட்டமைப்பு 1951இல் தோன்றிய நாள் அது.

இனி, நாம் பழகும் முறையைக் கூறுகிறேன். மாணவர்காள், இவற்றை மனத்திற் கொள்ளுங்கள்.

செவி கேளாதவரை அழைக்க வேண்டுமாயின் அவர் கண்ணுக்குத் தெரியுமாறு கையை அசையுங்கள். அல்லது தோளை மெல்லத் தொடுங்கள். கூவுவதும், பொருளை எறிவதும் முறையன்று. எதிரே நின்று, முகத்தில் ஒளி படுமாறு பேசுங்கள். சாளரத்துக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் இருண்டுவிடும். பேசும்போது வாயை மறைக்காதீர். இயல்பான வேகத்தில் தெளிவாகப் பேசுங்கள். உரக்கக் கத்தினால் உதட்டசைவு கோணுமேயன்றிப் பொருள் விளங்காது. எல்லோரும் உதட்டைப் பார்த்தே யாவும் அறிந்துகொள்வர் என்று எண்ணவும் வேண்டா. கண்ணாடி முன் நின்று ஒலியின்றிப் பணம், மணம் என்றும், பாடு, மாடு என்றும் சொல்லிப் பாருங்கள். உதட்டில் ஒரு வேறுபாடும் தோன்றாது. விளங்கவில்லையெனில் தாளும் எழுதுகோலும் எடுங்கள். அவர் எழுதும் தமிழில் பிழை காணப்பட்டால் அறிவு குறைவு என்று முடிவு கட்டாதீர். அவருக்குத் தமிழ் இரண்டாம் மொழி. அதனை ஒரு முறையும் காதால் கேளாமலே கற்றவர் அவர்.

மொழிபெயர்ப்பாளர் உடனிருந்தால், செவி கேளாதவரின் முகத்தைப் பார்த்தே பேசுங்கள். அவரிடம் சொல்லுங்கள், அவரைக் கேளுங்கள் என்று அருகிருப்பவரிடம் கூறுவது, எதிரில் இருப்பவரை இல்லாதவராக்குவதாகும். அவர் கையால் பேசும்போது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது, பிறர் பேசும்போது காதைப் பொத்திக்கொள்வதற்கு ஒப்பாகும். இருவர் கையால் பேசிக்கொண்டிருக்க இடையே கடக்க நேர்ந்தால், தயங்கி நிற்காமல் விரைந்து கடந்து செல்லுங்கள். அவர்கள் மேடையைப் பாராட்டும் முறை, இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைப்பது. அவையில் நீங்களும் அவ்வாறே செய்யலாம். அவர்கள் ஒருவர்க்கொருவர் பெயர்ச்சைகை சூட்டிக்கொள்வர். உங்களுக்கும் ஒன்று சூட்டினால் அதனைப் பெருமையாகக் கொள்ளுங்கள்.

இவையனைத்தினும் முதன்மையான ஒன்று உண்டு. திருமண வீட்டில் பந்திக்கு முன் உறவினர் கூடியிருக்கின்றனர். எவரோ ஒன்று சொல்ல, எல்லோரும் சிரிக்கின்றனர். அவர்கள் நடுவே செவி கேளாத அத்தை மகன் ஒருவன், என்ன என்று வினவுகிறான். ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன் என்கிறோம். அந்த அப்புறம் வருவதே இல்லை. இவ்வாறு நாள்தோறும் தன் வீட்டிலேயே அயலானாக வாழ்வதே தமக்குப் பெருந்துயர் என்று செவி கேளாதோர் பலர் கூறுகின்றனர். ஆதலின், சொல்லத் தகாத அளவுக்கு அற்பமான செய்தி என்று எதனையும் எண்ணாதீர். அவருக்கும் அச்சிரிப்பில் பங்கு உண்டு.

பள்ளியிலும் இதனைக் கண்டுள்ளேன். வேறொரு பள்ளியிலிருந்து என்னிடம் வந்து சேர்ந்த சிறுவன் ஒருவன், அங்கே மந்தன் என்று பெயர் பெற்றுப் பின்வரிசையில் இருத்தப்பட்டவன். அவனுக்குக் கேட்கும் திறன் குறைவு என்பதை அதுவரை ஒருவரும் ஆராயவில்லை. முன்வரிசையில் அமர்த்தி, கரும்பலகையில் மிகுதியாக எழுதி, அவனை நோக்கிப் பேசியவுடன் கணக்கில் அவன் பிறரை முந்தினான். உங்கள் வகுப்பில் அழைத்தால் திரும்பாத தோழன் இருந்தால், செருக்கன் என்றும் மந்தன் என்றும் சொல்லுமுன், அவனுக்குக் கேட்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

சொற்களிலும் கருத்து வேண்டும். ஊமை, செவிட்டூமை என்று ஒருவரை அழைத்தல் இழிவாகும். மொழியுடையவர் ஊமை ஆகார். செவி கேளாதவர் என்று கூறினால் போதும். ஊமை கண்ட கனவு என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. கண்ட கனவை அவரால் எடுத்துரைக்க இயலாது என்பது அதன் கருத்து. சைகை மொழி வாழும் ஒரு விடுதிக்குக் காலையில் சென்று பாருங்கள். முன்னிரவில் கண்ட கனவை ஒரு சிறுவன் கையாலும் கண்ணாலும் விரித்துரைக்க, தோழர் சூழ்ந்து நின்று நகைப்பர். கனவு சொல்லப்பட்டுவிட்டது; அதனை அறியும் மொழிதான் நம்மிடம் இல்லை.

திருவள்ளுவர் கேள்வி என்று ஓர் அதிகாரம் வகுத்து, அறிந்தோர் கூறுவதைக் கேட்டு அறிவு பெறுவதைப் பெருஞ்செல்வமாகப் போற்றினார். அச்செல்வம் செவி வழியே வர இயலாதவர்க்குக் கண் வழியே வரட்டும். அதற்கு நாம் வழிவிட வேண்டும். அந்த அகராதியைத் திறந்து, வணக்கம், நன்றி, உங்கள் பெயர் என்ன, உதவி வேண்டுமா என்னும் நான்கினை இவ்வாரம் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஊரில் உள்ள செவி கேளாதவர் ஒருவரிடம் சென்று அவற்றைச் சொல்லுங்கள். உங்கள் கை தடுமாறும், அவர் திருத்துவார். அன்று முதல் அவரே உங்கள் ஆசிரியர்.